எலாஸ்டிக் டேப்: தசை, மூட்டு வலிக்கு எப்போது ஒட்டலாம், எப்படி ஒட்ட வேண்டும்

கபடி ஆட்டக்காரரின் தோளிலும் பேட்மிண்டன் ஆடுபவரின் முழங்காலிலும் மாரத்தான் ஓடுபவரின் கெண்டைக்காலிலும் நீலமாகவோ கறுப்பாகவோ ஒட்டியிருக்குமே, அந்தத் துணிப்பட்டைதான் கைனீசியாலஜி டேப். பிசியோதெரபிஸ்டுகள் சுருக்கமாக ‘கே-டேப்’ என்பார்கள். அதில் மருந்து எதுவும் கிடையாது. இழுத்தால் நீளும் துணி, அதன் அடியில் பசை, அவ்வளவுதான். சர்ஜிக்கல் கடையிலும் ஆன்லைனிலும் யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்றாகிவிட்டதால், வீடியோ பார்த்து வீட்டிலேயே ஒட்டிக்கொள்பவர்கள் பெருகிவிட்டார்கள்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். இந்த டேப் எந்த மூட்டையும் குணப்படுத்தாது. வலியைச் சில நாளுக்குக் கொஞ்சம் தணித்து வைக்கும். அந்தச் சில நாளில் சரியான பயிற்சியைச் செய்தால் தசை வலுப்பெறும், வலி குறையும். பயிற்சி செய்யாமல் டேப்பை மட்டும் மாற்றி மாற்றி ஒட்டிக்கொண்டிருந்தால், பசை பட்டுத் தோல் புண்ணாவதுதான் மிச்சம்.

எங்கிருந்து வந்தது

1970களில் ஜப்பானைச் சேர்ந்த கென்சோ காசே என்ற கைரோபிராக்டர் (முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் அழுத்திச் சரிசெய்யும் சிகிச்சையாளர்) உருவாக்கியது இது. அதுவரை விளையாட்டுக்காரர்களுக்குச் சுற்றியது எல்லாம் விறைப்பான வெள்ளை டேப். அது மூட்டை அசையவிடாது. தோலைப் போலவே நீளும், மூட்டை அசையவும் விடும் ஒரு டேப் வேண்டும் என்பது காசேயின் எண்ணம். வெகுகாலம் ஜப்பானுக்கு வெளியே பெரிதாகத் தெரியாமல் இருந்தது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அமெரிக்கக் கடற்கரை வாலிபால் வீராங்கனை கெர்ரி வால்ஷ் தோளில் கறுப்பு டேப்போடு ஆடியதை உலகமே பார்த்தது. 2012 யூரோ கால்பந்து அரையிறுதியில் கோல் அடித்துவிட்டுச் சட்டையைக் கழற்றி நின்ற இத்தாலியின் பாலோடெல்லி முதுகிலும் நீலப் பட்டைகள் இருந்தன. கடைகளில் இது குவிய ஆரம்பித்தது அந்த ஆண்டுகளில்தான்.

டேப்பின் உள்ளே என்ன இருக்கிறது

பருத்தித் துணியில் சிறிதளவு எலாஸ்டிக் நூல் சேர்த்து நெய்திருப்பார்கள். செயற்கை இழையில் வரும் வகையும் உண்டு. அது நனைந்தாலும் சீக்கிரம் காயும் என்பதால் நீச்சல்காரர்களுக்கும் அதிகம் வியர்ப்பவர்களுக்கும் ஏற்றது. ரோலின் பொதுவான அளவு 5 செ.மீ. அகலம், 5 மீட்டர் நீளம். நீளவாக்கில் மட்டும்தான் இது நீளும், அகலவாக்கில் நீளாது. தன் நீளத்தில் ஏறக்குறைய பாதி அளவு கூடுதலாக நீளும். பிராண்டுக்குப் பிராண்டு இதில் வித்தியாசம் உண்டு.

அடியில் இருப்பது அக்ரிலிக் பசை. திருப்பிப் பார்த்தால் பசை அலை அலையாகப் பூசப்பட்டிருப்பது தெரியும். அந்த அலைகளின் இடைவெளி வழியாக வியர்வையும் காற்றும் போகும். உடல் சூடு பட்டால்தான் இந்தப் பசை முழுமையாகப் பிடிக்கும். ஒட்டியபின் உள்ளங்கையால் தேய்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

பின்பக்கத் தாளில் டேப்பை ஒட்டும்போதே தொழிற்சாலையில் அதைக் கொஞ்சம் இழுத்துத்தான் ஒட்டுகிறார்கள், பெரும்பாலும் 10 முதல் 15 சதவீதம். அதனால் தாளை உரித்த கணமே பட்டை சற்றுச் சுருங்கும். இந்தச் சிறு விஷயம் பின்னால் இழுப்பு அளவைக் கணக்கிடும்போது முக்கியமாக வரும்.

நிறத்துக்கும் பலனுக்கும் சம்பந்தமே இல்லை. சிவப்பு சூடு தரும், நீலம் குளிர்ச்சி தரும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பிடித்த நிறத்தை வாங்குங்கள்.

கிரேப் பேண்டேஜ், வெள்ளை டேப், கே-டேப் மூன்றையும் ஒன்றுக்குப் பதில் ஒன்றாகப் பயன்படுத்த முடியாது. கிரேப் பேண்டேஜ் சுற்றிலும் அழுத்தி வீக்கத்தைக் கட்டுப்படுத்தும். வெள்ளை ஸிங்க் ஆக்சைடு டேப் நீளாது. கணுக்கால் ஒரு பக்கம் மடங்கிவிடாமல் தடுக்கும். ஆனால் ஓடியாடும்போது அரை மணி நேரத்துக்குள்ளேயே அதன் பிடி தளர ஆரம்பித்துவிடும், ஆட்டம் முடிந்ததும் கழற்றியாக வேண்டும். ஆஸ்திரேலிய பிசியோதெரபிஸ்ட் ஜென்னி மெக்கானல் 1980களில் முட்டிச் சில்லு வலிக்கு உருவாக்கிய முறையும் விறைப்பான டேப்பை வைத்துத்தான். கே-டேப் எதையும் தடுத்து நிறுத்தாது. ஏற்கெனவே ஒருமுறை சுளுக்கி, அடிக்கடி மடங்கும் கணுக்காலுக்குக் கே-டேப்பை ஒட்டிக்கொண்டு மைதானத்தில் இறங்குவது வீண் தைரியம். அங்கே வெள்ளை டேப்போ கணுக்கால் பிரேஸோதான் தேவை.

எப்படி வேலை செய்கிறது

டேப் விற்பவர்கள் சொல்லும் விளக்கம் இது: பட்டை தோலை மெல்லத் தூக்குகிறது, அடியில் இடம் கிடைக்கிறது, ரத்தமும் நிணநீரும் தாராளமாக ஓடுகின்றன, வலி குறைகிறது. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. சோதித்துப் பார்த்தவர்களுக்குக் கிடைத்த முடிவு வேறு. முதுகில் ஒட்டியபின் நிமிர்ந்தால் டேப்பில் சிறு சிறு சுருக்கங்கள் விழும். தோல் தூக்கப்படுவதற்கு அதுதான் அடையாளம் என்பார்கள். 2014-இல் வெளியான ஓர் ஆய்வில் நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 148 பேரை இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு இழுத்து, சுருக்கம் விழும்படியும், மற்றதற்கு இழுக்காமல், சுருக்கமே விழாதபடியும் ஒட்டினார்கள். நான்கு வாரம் கழித்து இரு குழுவுக்கும் கிடைத்த பலன் ஒன்றுதான். ஆகவே சுருக்கம் விழவில்லையே என்று கவலைப்பட்டு, பிய்த்து மறுபடி ஒட்ட வேண்டியதில்லை.

2008-இல் வெளியான தோள் வலி ஆய்வு வேறொன்றைக் காட்டியது. 42 இளைஞர்களில் ஒரு பகுதியினருக்கு முறைப்படியும், மற்றவர்களுக்குப் பேருக்கும் டேப் ஒட்டினார்கள். முறைப்படி ஒட்டிக்கொண்டவர்களால் ஒட்டிய உடனேயே வலியில்லாமல் கையைப் பக்கவாட்டில் சராசரியாகச் சுமார் 17 டிகிரி கூடுதலாகத் தூக்க முடிந்தது. சில நாள் கழித்துப் பார்த்தபோது இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கே-டேப் பற்றிய பல ஆய்வுகளின் போக்கு இப்படித்தான் இருக்கிறது: உடனடியாக ஒரு சிறு நிவாரணம், நீண்டகாலத்துக்குத் தனியே பெரிதாக ஒன்றும் இல்லை.

அந்த உடனடி நிவாரணம் எப்படி வருகிறது? தோலில் தொடுதலையும் இழுப்பையும் உணரும் நரம்பு முனைகள் ஏராளம். அங்கிருந்து தொடர்ந்து சமிக்ஞை போய்க்கொண்டிருந்தால், தண்டுவடத்தில் வலிச் சமிக்ஞை மட்டுப்படுகிறது. மெல்ஸாக், வால் என்ற இருவர் 1965-இல் முன்வைத்த ‘கேட் கன்ட்ரோல்’ கோட்பாடு இதைத்தான் சொல்கிறது. முட்டி இடித்துக்கொண்டால் கை தானாகப் போய்த் தேய்க்கிறதே, அதே கதைதான். இதோடு இன்னொன்றும் சேரும். டேப் இருக்கும் இடம் உறுத்திக்கொண்டே இருப்பதால், அந்த மூட்டை எப்படி வைத்திருக்கிறோம் என்ற கவனம் வருகிறது. கூன் போட்டு உட்கார்ந்தால் முதுகு டேப் இழுத்து நினைவூட்டும். ‘ஏதோ செய்திருக்கிறோம்’ என்ற நம்பிக்கைக்கும் இதில் பங்கு உண்டு, அதை மறுப்பதற்கில்லை.

தசை தொடங்கும் இடத்திலிருந்து முடியும் இடம் நோக்கி ஒட்டினால் தசை தூண்டப்படும், திருப்பி ஒட்டினால் தளரும் என்ற விதியைப் பல பயிற்சி வகுப்புகளில் இன்றும் சொல்லித் தருகிறார்கள். அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. திசையைப் பற்றிக் குழப்பிக்கொள்ளாமல், எவ்வளவு இழுக்கிறோம் என்பதில் கவனம் வையுங்கள்.

இழுப்பு: பெரும்பாலான தவறுகள் நடக்கும் இடம்

‘50 சதவீதம் இழுத்து ஒட்டுங்கள்’ என்றால், பட்டையின் நீளத்தில் பாதி அளவு கூட இழுப்பது என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அது தவறு. பட்டை அதிகபட்சம் எவ்வளவு கூடுதலாக நீளுமோ, அதில் பாதி என்பதே பொருள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 20 செ.மீ. பட்டை ஒன்று வெட்டுகிறீர்கள். இரு முனையிலும் 4 செ.மீ. இழுப்பே இல்லாமல் ஒட்ட வேண்டியவை. நடுவில் மிஞ்சுவது 12 செ.மீ. உங்கள் டேப் பாதி அளவு கூடுதலாக நீளும் என்றால், அந்த 12 செ.மீ. முழு இழுப்பில் 18 செ.மீ. ஆகும். கூடுவது 6 செ.மீ. அதில் 50 சதவீதம் என்றால் 3 செ.மீ., அதாவது 12 செ.மீ. 15 ஆக வேண்டும். 25 சதவீதம் என்றால் 13.5 செ.மீ. போதும். ஒன்றரை செ.மீ. என்பது கண்ணுக்கே சரியாகத் தெரியாத இழுப்பு. கையில் உணர்வதைவிடக் குறைவாகவே இழுக்க வேண்டும் என்பது இதிலிருந்து புரியும். புது பிராண்டு வாங்கினால், 10 செ.மீ. துண்டு ஒன்றைத் தாளிலிருந்து உரித்து, ஸ்கேல் பக்கத்தில் வைத்து முழுக்க இழுத்துப் பாருங்கள். எவ்வளவு நீள்கிறது என்று தெரிந்துவிடும்.

நடைமுறையில் பெரும்பாலான இடங்களுக்கு இவ்வளவு கணக்கும் வேண்டாம். தாளில் இருந்தபோது பட்டை என்ன நீளமோ, அதே நீளத்துக்குத் தோலில் படியவைத்தால் போதும். தாளைச் சிறிது சிறிதாக உரித்துக்கொண்டே, கையால் இழுக்காமல் நீவிக்கொண்டு போனால் தானாகவே அந்த அளவில் படியும். வீக்கம், ரத்தக்கட்டு, தசைப்பிடிப்பு எல்லாவற்றுக்கும் இது போதுமானது. வலிக்கும் புள்ளிக்கு நேர் மேலே குறுக்காக ஒட்டும் சிறு பட்டைக்கு மட்டும் நடுவில் 50 சதவீதம் வரை போகலாம். அதற்கு மேல் வீட்டில் வேண்டாம்.

முனைகளில் மட்டும் எந்தச் சலுகையும் கிடையாது. அங்கே இழுப்பு பூஜ்யம். தாளை உரித்து, பட்டை சுருங்கி முடிக்கும் வரை விட்டு, அப்படியே தோலில் வைத்து அழுத்த வேண்டும். முனையை இழுத்து ஒட்டினால், அது சுருங்கப் பார்த்துத் தோலின் மேலடுக்கை நாள் முழுக்க இழுத்துக்கொண்டே இருக்கும். மறுநாள் அந்த இடத்தில் சிவந்த கோடு, அடுத்த நாள் நீர்க்கொப்புளம். டேப் அலர்ஜி என்று சொல்லிக்கொண்டு வருபவர்கள் பலருக்கு உண்மையில் இருப்பது இந்த இழுவைக் காயம்தான். இரண்டையும் பிரித்துப் பார்ப்பது எளிது: அலர்ஜி என்றால் டேப் இருந்த இடம் முழுவதும், அதே வடிவில் சிவந்து அரிக்கும். இழுவைக் காயம் என்றால் முனையில் மட்டும் இருக்கும், அரிப்பைவிட எரிச்சல் அதிகமாக இருக்கும்.

யாருக்கு ஒட்டக் கூடாது

காயம், புண், தோல் தொற்று, வெயிலில் கருகிய தோல், புதிதாகத் தையல் போட்ட இடம் ஆகியவற்றின் மேல் ஒட்டக் கூடாது. கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருந்தாலோ, அந்தச் சந்தேகம் இருந்தாலோ டேப் கூடவே கூடாது. ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, அழுத்தினால் வலித்தால், அதுவும் நீண்ட பயணத்துக்கோ அறுவை சிகிச்சைக்கோ பின் அப்படி ஆனால், தசைப்பிடிப்பு என்று நினைத்து டேப்பைத் தேடாமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். இருதயம் அல்லது சிறுநீரகக் கோளாறால் கால் வீங்குபவர்கள் வீக்கத்துக்கு டேப் ஒட்டக் கூடாது. புற்றுநோய்க் கட்டி இருக்கும் இடத்திலும் வேண்டாம்.

சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி மங்கியவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. டேப் தோலை அறுத்தாலும் அவர்களுக்குத் தெரியாது, புண் பெரிதான பிறகுதான் தெரியும். நீண்டகாலம் ஸ்டீராய்டு எடுத்தவர்கள், தோல் காகிதம்போல் மெலிந்த முதியவர்கள் ஆகியோருக்குக் கழற்றும்போது தோலும் சேர்ந்து உரிந்து வரலாம். கர்ப்பிணிகள் வயிற்றிலும் இடுப்பிலும் ஒட்டுவதானால் மருத்துவரைக் கேட்டுவிட்டே செய்ய வேண்டும்.

கணுக்கால் சுளுக்கில் டேப்புக்கோ, கட்டுப் போடும் இடத்துக்கோ போகுமுன் எலும்பு முறிவு இல்லை என்று உறுதி செய்யுங்கள். 1992-இல் கனடாவில் உருவான ‘ஒட்டாவா’ விதி இதற்கு உதவும். கணுக்காலைச் சுற்றி வலி இருந்து, அடிபட்ட உடனேயும் பிறகும் நான்கு அடி எடுத்து வைக்க முடியவில்லை என்றாலோ, கணுக்கால் மொட்டு எலும்பின் நுனியிலோ பின் ஓரத்தில் 6 செ.மீ. உயரத்துக்குள்ளோ விரலால் அழுத்தினால் வலித்தாலோ எக்ஸ்ரே வேண்டும். பாதத்தின் வெளிப்பக்க நடுவில், சுண்டுவிரலுக்குப் பின்னால் புடைத்திருக்கும் எலும்பை அழுத்தினால் வலித்தாலும், உள்பக்க வளைவின் மேலே இருக்கும் எலும்பை அழுத்தினால் வலித்தாலும் அப்படியே.

இடுப்பு வலியில் சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறுவது, தொடை இடுக்கு மரத்துப்போவது, கால் வலுவிழப்பது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அது அவசர நிலை. வலியோடு காய்ச்சல் இருந்தாலும் தாமதிக்கக் கூடாது.

ஒட்டும் முன்

முதன்முறை ஒட்டுபவர்கள் 5 செ.மீ. துண்டு ஒன்றை முன்கையின் உள்பக்கம் இழுக்காமல் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். அரித்தால் உடனே எடுத்துவிட வேண்டும். சிலருக்கு எடுத்த பிறகு, இரண்டாம் நாளில்கூட அரிப்பு வரும்.

நம் வீடுகளில் வலி என்றால் முதலில் தைலம், ஜெல், ஸ்ப்ரே, நல்லெண்ணெய் என்று ஏதாவது தேய்த்துவிடுவோம். அதன்மேல் டேப் நிற்கவே நிற்காது. சோப்பு போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, முழுக்கக் காய்ந்தபின் ஒட்டுங்கள். தைலம் தடவிய இடத்தைக் கழுவாமல் டேப்பால் மூடினால், எரிச்சல் பல மடங்காகும். முடி அடர்த்தியாக இருந்தால் கத்தரியாலோ டிரிம்மராலோ குறைத்துக்கொள்ளுங்கள். ரேசரால் மழித்த உடனே ஒட்டினால் எரியும், முந்தின நாளே மழித்துவிடுவது நல்லது.

பட்டையின் நான்கு மூலைகளையும் வட்டமாக வெட்டுங்கள். கூரான மூலை துணியில் சிக்கி முதலில் உரியும். கத்தரி மழுங்கியிருந்தால் விளிம்பில் நூல் பிரியும். பசை ஒட்டிய கத்தரியை சானிடைசர் நனைத்த பஞ்சால் துடைத்தால் மறுபடி வெட்டும். பசைப் பக்கத்தை விரலால் தொடவே கூடாது, தொட்ட இடம் ஒட்டாது. ஆடப்போவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே ஒட்டிவிட வேண்டும். வியர்க்க ஆரம்பித்தபின் ஒட்டினால் நிற்காது.

முழங்கால் முன்பக்க வலிக்கு

படி இறங்கும்போதும் வெகுநேரம் உட்கார்ந்து எழும்போதும் முட்டிச் சில்லைச் சுற்றி வலிக்கும் வகைக்கு இது. வீட்டில் தாமே ஒட்டிக்கொள்ள ஏற்ற முதல் இடமும் இதுதான்.

நாற்காலி விளிம்பில் உட்கார்ந்து முழங்காலைச் செங்கோணத்தில் மடக்குங்கள். நீட்டிய காலில் ஒட்டிவிட்டு மடக்கினால், தோல் நீள, டேப் இழுபட்டு முனை பிய்ந்துவிடும். முட்டிச் சில்லுக்குக் கீழே, கால் எலும்பில் ஒரு சிறு மேடு தட்டுப்படும். அங்கிருந்து, சில்லுக்கு மேலே நான்கு விரல் அகலம் வரை அளந்துகொள்ளுங்கள். பெரியவர்களுக்கு 25 செ.மீ. பட்டை பொதுவாகப் போதும். அதே அளவில் இரண்டு, கூடவே 15 செ.மீ. அளவில் ஒன்று.

முதல் பட்டையின் ஒரு முனையில் 4 செ.மீ. தாளை மட்டும் கிழித்து, அந்த மேட்டின் மேல் இழுக்காமல் ஒட்டுங்கள். பிறகு தாளை உரித்துக்கொண்டே சில்லின் உள் ஓரத்தை ஒட்டி வளைத்து மேலே கொண்டுபோங்கள். சில்லின் மேலேயே ஏற்ற வேண்டாம், விளிம்பைத் தொட்டபடி போனால் போதும். கடைசி 4 செ.மீ. தொடையில் இழுப்பில்லாமல் படிய வேண்டும். இரண்டாவது பட்டை அதே மேட்டில் தொடங்கி வெளி ஓரமாக மேலே போகும். இரண்டும் சேர்ந்து சில்லை அடைப்புக்குறிபோல் சூழ்ந்திருக்கும்.

மூன்றாவது சிறு பட்டையின் தாளை நடுவில் கிழித்து, இரு பக்கமும் ஒதுக்குங்கள். நடுவில் 5 செ.மீ. அளவு பசை தெரியும். இரு கையாலும் பிடித்து, அந்தப் பகுதியைப் பாதி இழுப்பில் நீட்டி, சில்லுக்குக் கீழே இருக்கும் தசைநாணின் மேல் குறுக்காக வையுங்கள். இரு முனைகளையும் தளரவிட்டுப் பக்கவாட்டில் படியவையுங்கள். முழுச் சுற்றாகச் சுற்றிக்கொண்டு போய் முழங்காலின் பின்பக்கத்தில் சந்திக்கவிடக் கூடாது. அங்கே தோல் மெல்லியது, ரத்தக்குழாய்களும் நரம்பும் மேலோட்டமாகப் போகின்றன.

உள்ளங்கையால் அரை நிமிடம் தேய்த்துவிட்டு எழுந்து, ஒட்டுமுன் வலித்த அதே படியில் இறங்கிப் பாருங்கள். வலி ஓரளவாவது குறைய வேண்டும். கூடியிருந்தாலோ, இறுக்கமாக, மரத்துப்போகிறாற்போல் இருந்தாலோ உடனே எடுத்துவிடுங்கள்.

இடுப்பு வலிக்கு

இதற்கு இன்னொருவர் கை வேண்டும். 25 செ.மீ. பட்டை இரண்டு. நேராக நிற்கவைத்து, புட்டத்துக்குச் சற்று மேலே, முதுகெலும்பின் இரு பக்கமும் கீழ் முனைகளை இழுக்காமல் ஒட்டுங்கள். பிறகு மேசையில் கை ஊன்றி, தாங்கும் அளவுக்கு முன்னால் குனியச் சொல்லுங்கள். குனியும்போது தோலே நீண்டுவிடுவதால் டேப்பைத் தனியே இழுக்கத் தேவையில்லை. முதுகெலும்புக்கு இரு பக்கமும், எலும்பின் மேல் ஏறாமல், தசைமேட்டின்மேல் நேராக மேலே கொண்டுபோய் விலா எலும்பு தொடங்கும் இடத்தில் முடியுங்கள். வலி ஒரே புள்ளியில் இருந்தால் குறுக்காக ஒரு 15 செ.மீ. பட்டை, நடுவில் மட்டும் பாதி இழுப்பு. வேட்டி, பாவாடை, பேண்ட் இறுகும் கோட்டில் முனை வந்தால் உரசி உரியும். முனையை அந்தக் கோட்டுக்கு மேலேயோ கீழேயோ தள்ளி வையுங்கள்.

ரத்தக்கட்டு, அடிபட்ட வீக்கம் ஆகியவற்றுக்கு விசிறி வெட்டு என்று ஒன்று உண்டு. ஒரு முனையில் 4 செ.மீ. விட்டு, மீதியை நீளவாக்கில் நான்கு வாலாக வெட்டி, வெட்டாத முனையை நெஞ்சை நோக்கிய பக்கம் ஒட்டி, வால்களை வீக்கத்தின்மேல் இழுக்காமல் விரித்துப் படியவைப்பார்கள். எடுத்துப் பார்க்கும்போது சில சமயம் வால் இருந்த இடம் வெளுத்தும், இடைவெளிகள் நீலமாகவும் இருக்கும். மார்பகப் புற்றுநோய் சிகிச்சைக்குப் பின் வரும் கை வீக்கத்துக்கு இதை வீட்டில் முயல வேண்டாம். அதற்கென்று பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள்.

ஒட்டிய பிறகு

குளிக்கலாம். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். ஹேர் டிரையர் காட்டினால் சூட்டில் பசை இன்னும் இறுகி, கழற்றும்போது தோலைப் பிடித்து இழுக்கும். முனை சுருண்டு எழுந்தால் அந்த அளவை மட்டும் வட்டமாக வெட்டிவிடுங்கள். மூன்று முதல் ஐந்து நாள் வரை விடலாம் என்று உறையில் போட்டிருக்கும். நம் ஊர் வெயிலில், பருத்தி டேப்பை மூன்று நாளுக்கு மேல் விடாமலிருப்பது நல்லது. உள்ளங்கால், உள்ளங்கை, அக்குள் பக்கம் ஒரு நாள் நின்றாலே அதிகம். ஒரு டேப்பின் முனை இன்னொரு டேப்பின் மேல் முடிந்தால் அங்கும் சீக்கிரம் பிய்யும், முனை எப்போதும் தோலில்தான் முடிய வேண்டும்.

டேப் இருக்கும் இந்த நாட்களில்தான் பயிற்சி. முட்டிச் சில்லு வலிக்குத் தொடைத் தசையோடு இடுப்புப் பக்கத் தசையையும் வலுப்படுத்த வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து மெதுவாக எழுவது, பக்கவாட்டில் படுத்து மேல்காலை நேராகத் தூக்குவது ஆகிய இரண்டையும் பத்துப் பத்தாக மூன்று தடவை செய்து தொடங்கலாம். பயிற்சியின்போது லேசான வலி இருந்தால் பரவாயில்லை. மறுநாள் காலை வலி கூடியிருந்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள். இடுப்பு வலிக்குப் படுத்தே கிடக்காமல் நடப்பதுதான் முதல் பயிற்சி. டேப் ஒட்டியதால் வலி போய்விட்டது என்று எடையைக் கூட்டுவதும், நிறுத்திவைத்த ஓட்டத்தை அதே வேகத்தில் தொடங்குவதும் வேண்டாம். வலி குறைந்திருக்கிறதே ஒழிய, தசையின் பலம் நேற்று இருந்ததேதான்.

கழற்றுவது

பிளாஸ்திரி பிய்ப்பதுபோல் ஒரே இழுப்பில் பிய்க்கக் கூடாது. டேப்பின் மேலும் விளிம்பிலும் தேங்காய் எண்ணெய் நன்றாகத் தடவி பத்து நிமிடம் ஊறவிடுங்கள். பிறகு முடி வளரும் திசையில், டேப்பை மேலே தூக்காமல் தோலோடு ஒட்டி மடித்தவாறே ஒரு கையால் சுருட்டிக்கொண்டு போக, மறு கையால் பின்னாலேயே தோலை அழுத்தி நகர்த்த வேண்டும். டேப்பிலிருந்து தோலைப் பிரிக்கிறோம் என்ற நினைப்போடு செய்தால் கை தானாக மெதுவாகும்.

எண்ணெயைக் கழுவிவிட்டு, மறுபடி ஒட்டுமுன் ஒரு முழு நாளாவது தோலைச் சும்மா விடுங்கள். சிவப்பு இருந்தால் அது முழுக்க மறையும் வரை விடுங்கள். டேப் இல்லாத அந்த நாளிலும் அதே படியில் இறங்கி, அதே நாற்காலியிலிருந்து எழுந்து பாருங்கள். முன்பைவிட வலி குறைந்திருந்தால் அடுத்த முறை ஒட்டத் தேவையில்லை, பயிற்சியை மட்டும் தொடருங்கள். இரண்டு முறை ஒட்டியும் அந்த நாளின் வலி அப்படியே இருந்தால் மூன்றாவது பட்டையை வெட்டாமல் பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள். எந்த அசைவில், எந்த இடத்தில், எவ்வளவு நேரம் வலிக்கிறது என்று குறித்துக்கொண்டு போனால் அவர் பாதி வேலையை முடித்தமாதிரி.